ஈஸிதான்

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் துறைத்தேர்வு.
பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு,
முழங்கால் இடித்தது.
யாரோ ஒரு பையன் காம்பஸ் முனையால்
அதில் கப்பல் கீறி வைத்திருந்தான்
கடலே இல்லாத ஊரில்.
நான்காம் கேள்விக்கு விடை வராமல்
கப்பலுக்குப் பாய்மரம் ஒன்று வரைந்தேன்.
பிறகு, சொல்லிவிடுகிறேனே,
முன்னால் இருந்த வாழப்பாடிக் கணக்கு வாத்தியாரின்
தாள் பக்கம்
கழுத்து தானாக நீண்டது.
அவரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

திங்கள் காலை ஏற்காடு பஸ்.
பதின்மூன்றாவது வளைவில்
பனி ஜன்னல் வழியே ஏறிக்கொண்டது,
டிக்கெட் எடுக்காமல்.

நாகலூரில் பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.
மற்றவர்கள் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டார்கள்.
"பரீட்சை எப்படி டீச்சர்?"
செவ்வந்தி கேட்டாள்.
"ஈஸிதான்."

அரையாண்டு முடிந்த அன்று
இதே சொல்லை இதே வேகத்தில்
அவள் எனக்குச் சொன்னாள்.
பத்தொன்பது மார்க்.
'கவனம் போதாது' என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தேன்,
அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி.

என் தாளில் யாரும் அப்படி எழுதப் போவதில்லை.
நான் தோற்றால் மே மாதம் மறுபடி எழுதலாம்,
சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும்.
அவள் தோற்றால்
எஸ்டேட்டில் அவள் உயரத்துக்குக் கூடை
எப்போதோ பின்னியாகிவிட்டது.

செவ்வந்தி சிரிக்கவில்லை.
என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"கழுத்து வலிக்குதா டீச்சர்?" என்றாள்.

தேய்த்துக்கொண்டிருந்த கையை எடுத்தேன்.
வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
பனியில் நமத்த தாள்,
பேனா பிடிக்கவே இல்லை.