ஆறு நிமிஷம்

ராயபுரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
தொங்குகிறது சீட்டு:
பிரேமலதா, குழந்தை ஒன்று, குழந்தை இரண்டு.
மூன்று நாளாய் அதுதான் பேர்.

இனியன், இனியா என்றாள் நாத்தனார்.
முகிலன், முகிலா என்றது பக்கத்துக் கட்டில்.
ஜோடிச் செருப்பு மாதிரி பொருந்தணுமாம்.

எனக்கென்னவோ
பையனுக்குச் சட்டை தைத்த மிச்சத்தில்
இவளுக்கு ஒரு ஜாக்கெட் போலப் பட்டது.
ஆறு நிமிஷம் முன்னால் வந்தவள் இவள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி.
இனியனைக் கூப்பிட்டாலும் ‘இனியா’தான்,
இனியாவைக் கூப்பிட்டாலும் ‘இனியா’தான்.
தண்ணி லாரி வந்து நான் கத்தினால்
யார் குடத்தோடு இறங்குவது?
அவள்தான் இறங்குவாள்.
எனக்குத் தெரியும்.

அன்றைக்கு
வியாசர்பாடி சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
மூலக்கொத்தளம் சுற்றித்தான் வந்தது எங்கள் ஆட்டோ.
பள்ளத்துக்குப் பள்ளம் மழையைத் திட்டிய மனுஷன்
இப்போது மெதுவாக,
“பையனுக்கு எங்கப்பா பேரு வைக்கலாமா?
மாரி.”

பிளஸ் டூ தமிழில் படித்த ஒரு சொல்
எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.
“அப்போ இவ எழிலி.”
“இன்னா பேரு இது, இட்லி மாதிரி?”
“மேகம்யா.
மேகம் வந்தாதானே மழை.”

அவர் சிரிக்கவில்லை.
கைவிரலில் ஏதோ எண்ணினார், ஆறு வரைக்கும்.

நர்சிடம் பேனா வாங்கி
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
எழிலி.
கொஞ்சம் இடம் விட்டு, மாரி.

ஜன்னலோரம் போய் நின்று
கூப்பிட்டுப் பார்த்தார் ஒருதரம்:
“எயிலி.”

சரி,
அவருக்கு அவ்வளவுதான் வரும்.