உச்சிப் பதிவேடு

மூன்றரை மணிக்கு நெற்றிவிளக்கோடு கிளம்பினோம்.
முன்னே திங்காரா. போவெத்ஸ் தபால்காரி,
மாடிப்படி போல மலையை ஏறுகிறவள்.

ஆல்ப்ஸின் சரளைச் சரிவில்
சாண் ஏற முழம் சறுக்கல்.
பழமொழி என்று நினைத்திருந்தேன்,
பாதைக்குறிப்பு.

பிறகு இரும்பு வடம்.
கையுறை தாண்டியும் கடித்தது.
கீழே பார்க்காதே என்றாள்.
பார்த்தேன்.
மாட்டுக்கொட்டில் கூரை, ஒரு தீப்பெட்டி.

உச்சியில் மேகம்.
மேகம் மட்டும்.
தகரப்பெட்டிக்குள் பதிவேடு;
பேனா உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடாக்கினாள்.
நேற்றைய வரி: "ஒன்றும் தெரியவில்லை. யெர்னெய்."
அதன் கீழே எழுதினாள்:
"இன்றும்."

மஞ்சள் அலகுக் காகம் ஒன்று
என் அவித்த முட்டையில் பாதியைத் தின்றது.

முழங்கால் முனக இறங்கி
கொட்டிலருகே திரும்பிப் பார்த்தால்
துடைத்துவைத்த மாதிரி நிற்கிறது சிகரம்,
நாங்கள் வரவேயில்லை என்பதுபோல்.