பிடி

சம்மாந்துறை நெல் ஆலையின் கணக்கறை.
பொலித்தீன் உறை கழற்றாத கீபோட்டில்
உமித்தூசி.
நான் செய்துகொண்டிருப்பது ஓர் உருள்பட்டை:
அறுநூறு புள்ளி நீளத்தில் தடம்,
தலையிலும் காலிலும் அம்பு,
இடையில் இழுக்க ஒரு பிடி.

கண்ணுக்குத் தெரியும் வரிகளை
உள்ள வரிகளால் வகுத்து
தடத்தால் பெருக்கு. அவ்வளவே பிடி.
முப்பது தெரிய அறுபது இருந்தால்
பாதித் தடம்.
மார்கழி முழுக்க அது பொய் சொல்லவில்லை.

பிறகு பெரும்போகம் வந்து இறங்கியது.
இறக்காமம், மல்வத்தை, மல்கம்பிட்டி,
பெட்டிக்கு ஒரு வரி:
பெயர், மூட்டை, ஈரம், கழிவு, முன்பணம்.
வரி ஏற ஏறப் பிடி தேய்ந்தது.
ஒன்பதாயிரமாவது வரியில்
பிடி இரண்டே புள்ளி.

"குறுநொய் எண்டாலும் நகத்தால எடுக்கலாம்,
இதப் புடிக்க ஏலாம இரிக்கி"
என்றா ஜெஸீமா.
எலிவால் மவுசை மேசையில் தேய்த்துத் தேய்த்து
அவவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

இருபத்துநாலு புள்ளிக்குக் குறையாதே
என்று பிடிக்கு ஒரு வரி எழுதினேன்.
பிடித்தா. இழுத்தா. சிரித்தா.

வியாழக்கிழமை
மல்வத்தை நல்லரெத்தினம் காசுக்கு வந்தார்.
அடிவரை இழுத்தும் அவர் பெயர் இல்லை.
"நெல்லு இறக்கின மனிசன் நான்.
துண்டு இரிக்கு."
துண்டு இருந்தது, வியர்வையில் நாலாய் மடிந்து.
திரையில்
எட்டாயிரத்து அறுநூற்று எழுபதோடு
உலகம் முடிந்திருந்தது.

நான் கொழுக்கவைத்த பிடி
தடத்தில் தின்ற இடத்தை
கழிக்க மறந்திருந்தேன்.
முன்னூற்று முப்பது பேர்
அதன் வயிற்றுக்குக் கீழே.

தடத்திலிருந்து பிடியைக் கழி.
மிச்சம்தான் அது ஓடக்கூடிய தூரம்.
ஒரேயொரு கழித்தல் குறி,
அதற்குள் தேத்தண்ணி ஆறிப்போனது.
நல்லரெத்தினம் கடைசிக்கு முதல் வரியில் நின்றார்.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
காசை இரண்டு தரம் எண்ணினார்.

நிரலின் ஓரத்தில் குறித்துவைத்தேன்:
*இருபத்துநாலு, கணக்கு அல்ல, கைக்காக.*

வெளியே ஆதம்பாவா முதலாளி
புது லோடு ஒன்றின் மூட்டைக்குள்
முழங்கைவரை விட்டு
ஒரு பிடி அள்ளினார்.
ஒரு மணி கடித்தார். விலை சொன்னார்.
பத்து மூட்டைக்கும் அந்தப் பிடிதான்,
ஆயிரத்துக்கும் அதேதான்.