இடது கன்னம்

தோல் மருத்துவர் கைக்கண்ணாடியை நீட்டினார்.
"நீங்களே பாருங்கள், திருமதி பெட்டன்கோர்ட்.
வலது கன்னத்தைவிட இடது ஆறேழு வயது மூத்தது.
லாரி ஓட்டுகிறீர்களா?"

இல்லை.
சான் ஹோசே மருத்துவமனையில்
அறுவைக் கத்திகளை நீராவியில் சுத்தம் செய்கிறேன்,
மதியம் இரண்டரை முதல் இரவு பதினொன்று வரை.
வீடு லாஸ் பேனோஸில்.
நடுவே ஒரு கணவாய், எண்பது மைல்.
போகும்போது உச்சி வெயில் என் பக்கக் கண்ணாடியில்.
திரும்பும்போது அந்தப் பக்கம் வெறும் இருட்டு.

அன்றிரவு மின்கட்டண உறையின் முதுகில்
கணக்கைத் தொடங்கினேன்.
பெட்ரோல், மாதம் நானூற்று எண்பது.
டயர், ஆயில், கணவாய்க் காற்றில் பறந்துவந்த கல்
முன்கண்ணாடியில் விட்டுப்போன கீறல்,
எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பத்து.
இங்கேயே, தபால் நிலையத்துக்குப் பின்னால்,
ஒரு கிளினிக்கில் பகல் வேலை இருக்கிறது.
மணிக்கு ஒன்பது டாலர் குறைவு.
மாதத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது.
கழித்தேன். எழுநூற்றைம்பது மிச்சம்.
ஆக, கணவாய்தான் லாபம்,
பேனாவை மூடினேன்.

மூடிய பேனாவைத் திறக்க வைத்தது கன்னம்தான்.
சாலையில் போவது மாதம் எண்பது மணிநேரம்.
எழுநூற்றைம்பதை எண்பதால் வகுத்தால்
ஒன்பது டாலர், சில்லறை.
என்னை நானே அந்த விலைக்கு விற்றிருக்கிறேன்.
நெடுஞ்சாலை ஓரம் உருளைக்கிழங்கு பொரிக்கும் பையனுக்கு
அதில் இரண்டு மடங்கு தருகிறார்கள்,
தொப்பியும் இலவசம்.

நோர்பெர்ட்டோவிடம் காட்டினேன்.
நான் செருப்பைக் கழற்றும் நேரம்
அவன் பூட்ஸ் மாட்டும் நேரம்.
குஸ்டீனில் முந்நூறு மாடுகள் காத்திருக்கின்றன.
"வரியைச் சேர்த்தாயா?" என்றான்.
சேர்க்கவில்லை.
"அப்படியானால் இன்னும் குறையும்"
என்று சொல்லிவிட்டுப் போனான்.
பதினோரு வருடக் குடித்தனத்தில்
நாங்கள் ஒன்றாக விழித்திருந்த நேரத்தை
அந்த உறையில் எழுத இடமில்லை.
இடம் தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை, நீர்த்தேக்கத்தைத் தாண்டி மேடு ஏறுகையில்
சூயிங்கம் தேடி நாணயக் குழிக்குள் விரல் விட்டேன்.
ஒரு பல்.
காகிதத்தில் சுற்றி, ரப்பர் போட்டு.
லாசரோவின் முன்பல்.
காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
எழுப்பவில்லை அவன்.
என் தலையணைக்கடியிலும் வைக்கவில்லை.
பள்ளிப் பேருந்து வருவதற்குள் காரைத் திறந்து
அம்மா நிச்சயமாக இருக்கும் இடத்தில்
வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.
இந்தக் காரில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.
என் தம்பி எலிசேயு இறந்த வாரம்
நான் அழுததெல்லாம் இங்கேதான்,
இரண்டு தக்காளி லாரிகளுக்கு நடுவே.
பார்வை மங்கியதும் மழை என்று நினைத்து
வைப்பரைப் போட்டேன்.
காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டதும்
சிரித்தும்விட்டேன்.
கில்ராயின் பூண்டு வாசம் உள்ளே வந்ததும்
முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.
அங்கிருந்து நான் ஊழியை.
கிளினிக் வீட்டிலிருந்து நான்கு நிமிடம்.
நான்கு நிமிடத்தில் யார் அழுது முடிப்பார்கள்?

இதற்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல்
உறையின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
அதையும் அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.
இன்று வியாழன்.
விண்ணப்பம் பக்கத்து இருக்கையில்,
சாப்பாட்டுப் பைக்கு அடியில்.
பையின் எடைக்கு இருக்கை
யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கத்துகிறது.
பெல்ட் மாட்டிவிட்டேன், பைக்கும் தாளுக்கும் சேர்த்து.

கணவாய் தொடங்குகிறது.
காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை.
வெயில் தடுப்பை இடப்பக்கம் திருப்பி இறக்கினேன்.
கண்ணை மறைத்தது.
கன்னம்வரை எட்டவில்லை,
ஒரு கை அகலம் குறைகிறது.