ஆரோ

முந்தி டொக்டர் குணாளன்
இரண்டு விரலால் வயிற்றை அமத்திப் பார்த்து
"வாய்வு, இஞ்சி அவிச்சுக் குடி" எண்டு அனுப்பிவிடுவார்.
ஐந்நூறு ரூபா. இல்லாதவையெண்டால் அதுவுமில்லை.

இப்ப விரல் படுறதில்லை.
ஸ்கான், இரத்தம், திரும்ப ஒரு ஸ்கான்,
மூண்டு தாளிலை கையெழுத்து.

"தங்கச்சி, ஏன் இவ்வளவு?"
எனக்கு முன்னால் நிண்ட குருநகர்க் கடற்தொழிலாளி.
காசு வாங்குற பிள்ளை நிமிராமல் சொல்லுது:
"ஆரோ வழக்குப் போட்டவையாம் அண்ணை,
அதுக்குப் பிறகு இப்பிடித்தான்."

அந்த ஆரோ நான்.

என்ர மனுசியின்ர வயிற்றுக்குள்
பதினொரு மாதம் கிடந்தது ஒரு துணித்துண்டு.
குணாளன் வைச்சதில்லை, வேறொருத்தர்;
அவர் இப்ப கனடாவிலை.
ஒன்பது தவணை. இரண்டு சட்டத்தரணி.
நட்டஈட்டில் மிஞ்சினது
கோண்டாவில் வீட்டுக்கு ஒரு கேற்று.
அவள் கேட்டுக்கொண்டிருந்த கேற்றுத்தான்.

அவர் சாரத்து மடிப்பை அவிழ்த்து எண்ணுறார்,
ஒண்டோடொண்டு ஒட்டின நூறுகள்.
இன்னும் எண்ணூற்றி எண்பது குறையுது.
வைச்சன்.

"உங்கட பேரென்ன அண்ணை,
திருப்பித் தரவேணுமெல்லே?"

வழக்கேட்டிலை ஒன்பது தரம்
உரத்துக் கூப்பிட்ட பேர்.
வாயிலை வரேல்லை.