முப்பத்தெட்டு நாற்பது

புத்தூரில்
கட்டுப் போட்ட கைகளோடு ஜனங்கள் ஏறி இறங்கும்
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மருந்துக்கடை மாடி.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி, நான்.
வாங்கு என்றால் வாங்குவேன்.
வில் என்றால் விற்பேன்.
பங்குச் சந்தையில் என் பங்கு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, மூன்று மணி பத்து.
சுதர்சனம் போன் செய்தார்,
மெம்பருடைய பாமர்தி.
எந்தத் தொகுதி மெம்பர் என்று கேட்காதீர்கள்,
எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
"சுவர்ணரேகா பைப்ஸ். கெடைக்கிறதெல்லாம் எடு."
மாம்பழத்தின் பேர் வைத்த கம்பெனி.
ஆறு மாதமாக அழுகிக்கொண்டிருந்தது.
அவர் குரலுக்குப் பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம்,
கமிட்டி முடிந்ததா என்று
தெலுங்கில் யாரோ யாரையோ கேட்பது.

எதிர் நாற்காலியில் முனிரத்தினம்.
மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவர்.
மகனுக்குத் தொடை எலும்பு மூன்றாக உடைந்து,
ஊரெல்லாம் தேடிவரும் எங்கள் ஊர்க் கட்டு
அவனுக்கு நிற்காமல்,
வேலூரில் பிளேட் வைக்கச் சொல்லிவிட்டார்கள்.
"அந்த பைப் கம்பெனி முன்னூறு கெடக்குதே,
தள்ளி வுட்டுடு. அது எழுந்திருக்காது."

இந்தத் திரையில் விற்றேன்.
அந்தத் திரையில் வாங்கினேன்.
முப்பத்தெட்டு நாற்பது.
யாருடையது யாருக்குப் போயிற்றென்று சந்தை சொல்லாது.
ஆனால் அந்த வெயிலில் அந்தச் சரக்கைச் சீண்ட
வேறு யார் இருந்தார்கள்?

எழுந்திருக்கும் அண்ணே, நாலு நாள் பொறுங்க,
வாய்வரை வந்தது.
விசிறி அவர் பக்கம் திரும்பட்டும் என்றிருந்தேன்.
திரும்பியது.
அவர் கையெழுத்துப் போட்ட தாள் பறக்காமல்
பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அறிவிப்பு:
நான்கு மாவட்டத்துக்குக் குடிநீர்க் குழாய்.
எழுபத்தொன்று.

மைசூர்பாகோடு வந்தார் சுதர்சனம்.
"மெம்பரும் மனுசன்தானேப்பா.
கடையில விக்கிறத அவர் வாங்கக் கூடாதா?"
வாங்கலாம் சார்.
ஆனால் அந்த அறைக்குள்
லட்சம் பேர் நுழைய முடியாதென்றுதான்
ஒரு ஜோடிக் காதை அனுப்பினோம்.
அதில் விழுந்தது முனிரத்தினத்துக்கும் சேர்த்து விழுந்தது.
இதைச் சொல்லவில்லை.
நெய்யில் பல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்கு ஒரு பரீட்சை உண்டு. எழுதினேன்.
உள்தகவல் அறிந்தவர் யார்?
டைரக்டர். ஆடிட்டர். டைரக்டரின் டிரைவர்.
மேற்கண்ட அனைவரும்.
சரியான கட்டத்தில் டிக் அடித்து ஒரு மார்க் வாங்கினேன்.
கை தூக்கிச் சட்டம் போடுகிறவருக்கு
அதில் கட்டமே இல்லை.

ஊத்துக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள்.
பத்துக் கிலோ ரேஷன் அரிசியோடு
எல்லை தாண்டும் பெண்ணை இறக்கிவிட்டு
மூட்டையைக் குத்திப் பார்க்கிறார்கள்.
அரிசிக்கு எடை இருக்கிறது, பாவம்.

சரி, மீதியையும் சொல்லிவிடுகிறேன்.
அன்று மூன்று இருபத்தெட்டுக்கு
மனைவி பேரில் ஐம்பது எடுத்தேன்.
கேஸ் சிலிண்டர் வந்தது,
சின்னவளுக்கு ஸ்கூல் ஷூ வந்தது.
அந்த ஷூ வாசலில் கிடக்கும்போது
தாண்டித்தான் போகிறேன்.

முனிரத்தினம் போன வாரம் வந்தார்.
பையன் ஊன்றுகோலோடு படியேறினான்,
ஒவ்வொரு படிக்கும் ஒரு தட்டு.
அவர் தாளில் கழித்துக் காட்டினார்,
கணக்கர் கையெழுத்து, குண்டு குண்டாக:
ஒன்பதாயிரத்து எழுநூற்று எண்பது.
"நாலு நாள்ல இப்படி ஏறும்னு
யாருக்குப்பா தெரியும்?"

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.
மேசைமேல் என் போன்
அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது.
பையன்தான் கீழே விழாமல் பிடித்து,
பேரைப் படித்துவிட்டு,
என்னிடம் நீட்டினான்.