மணிக்கு ஐந்து

ஃபெராரா ஊரில் மேடே கிடையாது,
கியர் ஓடாதது ஒரு குறையா என்கிறாள் ஓர்னெல்லா.
நூற்றிருபது யூரோ என்று எழுதி
அடித்து
தொண்ணூறு.

வாங்கியது ஐந்நூறுக்கு.
ஓட்டியது பதினோரு முறை, அதில் ஒன்று மழையில்.
வகுத்தால் சவாரிக்கு ஒரு விருந்துச் செலவு.

தாட்ஸியோ டயரை அமுக்குகிறான்,
விரலில் ரப்பர் உதிர்கிறது.
எழுபது.
சங்கிலியில் துரு. அறுபது.
மணியை அடிக்கிறான்,
நிலவறை முழுக்கக் கணீரென்கிறது.
அதற்கு ஐந்து ஏற்று என்கிறாள்.

கைகுலுக்கியாயிற்று.
அப்புறம்தான் குனிந்து பார்க்கிறான்:
தண்ணீர்க் குழாயோடு சேர்த்துப் பூட்டு.

சாவி?

ஏழு வருடத்துக்கு முந்தைய கோட்டுப் பையை
நினைவில் துழாவுகிறாள்.

வெட்ட எவ்வளவு ஆகும்?
அறுபது என்கிறான், கூச்சத்தோடு.

ஐந்து யூரோத் தாளை நீவி மடித்தவள்
இன்னொரு முறை
மணியை அடித்துப் பார்க்கிறாள்.